பாலம் மறுபடியும் பழுது

முச்சந்தி என்ற செயலியைத் திறந்து, மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தொட்டு, 'எங்களைப் பற்றி' என்பதற்குள் நுழைந்து, விதிமுறைகளையெல்லாம் தாண்டிக் கீழே கீழே போனால், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் மொத்தமே இரண்டு வரிகள். மேல்வரியில் ஒரு தேதியும், 'இன்று வரை எங்களுக்கு வாய்ப்பூட்டு உத்தரவு எதுவும் வரவில்லை' என்ற வாசகமும். கீழ்வரியில் அன்று காலைச் செய்தித்தாளில் வந்த ஏதாவது ஒரு தலைப்பு. வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அதைப் புதிதாக எழுதுவது தபாலக்காவின் வேலை.

தபாலக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அரசாங்கத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். இந்தப் பதிவை எடு, அந்த ஆளின் விவரம் கொடு, இவன் எங்கிருந்து எழுதுகிறான் சொல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முத்திரை, கையெழுத்து, சட்டப்பிரிவு எல்லாவற்றையும் பார்ப்பாள். காணாமல் போன பிள்ளையைத் தேடும் கடிதம் என்றால் பத்து நிமிடத்தில் பதில் போகும். அமைச்சரைக் கிண்டல் செய்தவன் யார் என்று கேட்டு வந்தால், நீதிமன்ற உத்தரவை இணைத்து அனுப்பவும் என்று பணிவாகத் திருப்பி அனுப்புவாள். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு, வாங்கிப் படிக்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த இரண்டு வரிப் பக்கம் அவள் யோசனை அல்ல, முதலாளியின் யோசனை. ஆறு வருடத்துக்கு முன்பு, டயர் கடை மாடியில் மூன்றே பேராக முச்சந்தியை ஆரம்பித்த காலத்தில் அவன் முதலாளியே அல்ல, வெறும் தம்பி.

"சில உத்தரவுக்கு வால் ஒண்ணு இருக்கும்க்கா. உத்தரவு வந்ததையே வெளிய சொல்லக் கூடாதும்பாங்க. சரி, சொல்ல வேண்டாம். ஆனா வரல, வரலன்னு வாராவாரம் எழுதிட்டு வருவோம். வந்துச்சுன்னா எழுதுறதை நிறுத்திடுவோம். நிறுத்தினதுக்கு எவன் என்ன பண்ண முடியும்?"

கீழ்வரியும் அவன் சொன்னதுதான். "தேதியை யார் வேணா முன்கூட்டியே போட்டு வச்சிடலாம். இன்னைக்குப் பேப்பர்ல வந்ததை நேத்தே எழுத முடியாதுல்ல." அன்று அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தபாலக்கா நல்ல வேலையை உதறிவிட்டு அந்த மாடிப்படி ஏறினாள்.

இப்போது நாலாவது மாடி, கண்ணாடிச் சுவர், அறுபது பேர். அரசாங்க அறிவிப்புகள் எல்லாம் இனி முச்சந்தி வழியாகவே மக்களுக்குப் போகும் என்ற பெரிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகிற நேரம். தம்பி முதலாளியாகி, முதலாளி சாராகி, திங்கட்கிழமைப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்து போயிருந்தான். அதை வாரத்துக்குப் பதினொரு பேர் திறந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டியது.

"அதுல எட்டு பேரு நீங்களேதான்க்கா" என்பான் பூட்டு. பயனர்களின் விவரங்களைப் பூட்டி வைக்கும் பொறியாளன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். டயர் கடை மாடியில் மூன்றாவது ஆள் அவன்தான்.

மிச்ச மூன்றில் ஒருவர் யார் என்று அவளுக்குத் தெரியும். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். முச்சந்தியில் எங்கே எழுத்துப்பிழை கண்டாலும் 'அன்புடையீர்' என்று ஆரம்பித்துக் கடிதம் எழுதுவார். நாலு வருடமாக ஒரு கடிதம் விடாமல் தபாலக்காவும் பதில் எழுதி வந்தாள். மற்ற இரண்டு பேர் யாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

வீட்டில் அந்தக் கீழ்வரியைத் தேர்ந்தெடுப்பது அவள் கணவர். லிப்ட் பழுது பார்க்கிறவர். திங்கட்கிழமை காலை டீயும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து, தலைப்புச் செய்திகளைத் தள்ளிவிட்டு மூலைச் செய்தி ஒன்றை வெட்டி நீட்டுவார். "உங்க அரசாங்க ரகசியத்துக்கு இன்னைக்குப் பூசணிக்காய்ப் போட்டி" என்பார். போன திங்கள் அவர் கொடுத்தது: 'ஆற்றுப் பாலம் பழுது, மூன்று நாள் போக்குவரத்து நிறுத்தம்.'

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஓர் அதிகாரி தோல்பையோடு நேரில் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இனிமையான குரல். கூட்ட அறையில் முதலாளியும் தபாலக்காவும் பூட்டும் உட்கார, உறையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். கரண்டி என்ற பெயரில் எழுதுபவரின் தொலைபேசி எண்ணும் இருப்பிடமும், வரும் வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்கு நிறுவனத்தின் கைவசம் உள்ளபடி ஒப்படைக்கப்பட வேண்டும். வால் அடியில் இருந்தது. இந்த உத்தரவு வந்ததை மனைவி, கணவர் உட்பட யாரிடம் சொன்னாலும் சிறை.

தபாலக்கா மூன்று முறை படித்தாள். நீதிமன்ற முத்திரை, கையெழுத்து, சட்டப்பிரிவு. குறை சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை.

கரண்டியை முச்சந்தியில் தெரியாதவர் கிடையாது. ஏதோ ஓர் அரசு மாணவர் விடுதியின் சமையல்கட்டிலிருந்து எழுதுகிறவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. புழு நெளியும் அரிசி, பூஞ்சை பிடித்த பருப்பு, தேதி கடந்த எண்ணெய் டின் என்று தினமும் ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் காம்பு வளைந்த அதே கரண்டி. 'இன்று பிள்ளைகளுக்கு இது' என்று மட்டும் எழுதுவார். அறுநூறு விடுதிகளில் எந்த விடுதி என்று கண்டுபிடிக்க முடியாமல் துறையே அல்லாடிக்கொண்டிருந்தது. இப்படித்தான் போன வருடம் வேறொரு செயலியில் எழுதிய லாரி ஓட்டுநர் ஒருவரின் எண்ணை வாங்கினார்கள். பதினாலு மாதமாக அவர் உள்ளே இருக்கிறார், வழக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதிகாரி போனதும் முதலாளி கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சட்டப்படி வந்திருக்கு. சட்டப்படி கொடுத்திடுவோம். இதுல நாம பண்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"கரண்டி அதுக்குள்ள தானாவே கணக்கை அழிச்சிட்டா?" என்று பூட்டு கேட்டான். முச்சந்தியில் ஒருவர் தன் கணக்கை அழித்தால் அவருடைய எண்ணும் இருப்பிடமும் அந்த நிமிடமே அழிந்துவிடும். மீட்க அவனாலேயே முடியாது. முதல் நாளிலிருந்து அவன் அப்படித்தான் கட்டி வைத்திருந்தான்.

"எதுக்கு அழிக்கப் போறாங்க? அவங்களுக்கு யாரு சொல்லப் போறா?" என்றான் முதலாளி. கேட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனான்.

சனியும் ஞாயிறும் தபாலக்கா வீட்டில் வாயைத் திறக்கவில்லை. திங்கள் காலை கணவர் வழக்கம்போல் கத்தரித்து வைத்திருந்ததை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"இன்னைக்கு வேண்டாங்க."

ஆறு வருடத்தில் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். ஏன் என்று கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அந்த மனுஷனுக்குப் புரிந்தது. வெட்டிய துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "டீ ஆறுது பாரு" என்றார்.

ஒன்பதரை வந்தது, போனது. அந்தப் பக்கத்தில் போன வாரத்துத் தேதியே இருந்தது. பத்தேகாலுக்கெல்லாம் முதலாளியின் அறையில் தொலைபேசி அடித்தது. பத்தரைக்கு அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பக்கம் ஏன் மாறலன்னு அதிகாரி கேட்கிறார்."

பாருங்கள் கூத்தை. வாரத்துக்குப் பதினொரு பேரில் அடையாளம் தெரியாத ஒருவர் யார் என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளாக எங்கேயோ ஓர் அரசாங்கக் குமாஸ்தா திங்கட்கிழமை தோறும் அவள் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எழுதல சார். அதான் மாறல."

"எழுதிடுங்க."

"எப்படி எழுதறது? உத்தரவு வரலன்னா? வெள்ளிக்கிழமை இதே மாடியில உங்க முன்னாடிதானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"ஒரே ஒரு வரிக்கா. யாரு படிக்கிறா அதை?"

"யாரும் படிக்கலன்னா எதுக்கு போன் வருது?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். "அறுபது குடும்பம்க்கா. அடுத்த மாசம் ஒப்பந்தம். இந்தப் பக்கம் நின்னுபோச்சுன்னா நாமளே ஊரெல்லாம் தமுக்கடிச்சதா அர்த்தம் பண்ணிப்பாங்க. எனக்கு மட்டும் ஆசையா?"

"தம்பி" என்றாள் தபாலக்கா. அவனை அப்படிக் கூப்பிட்டு மூன்று வருடமாகியிருந்தது. "பேசாதேன்னு சொல்ல அவங்களுக்குச் சட்டம் இருக்கு. நான் பேசல. வீட்டுல அவர்கிட்டகூட மூச்சு விடல. பொய் சொல்லுன்னு சொல்ல எந்தச் சட்டமும் இல்ல, அந்தக் காகிதத்துலயும் இல்ல, மூணு தடவை படிச்சேன். நான் எழுத மாட்டேன். வேலையை விட்டுப் போன்னாலும் சரி, எழுத மாட்டேன்."

முந்நூறு திங்கட்கிழமை காய்ச்சலிலும் மழையிலும் விடாமல் எழுதிய பக்கம் அது. அதில் ஒரு பொய் ஏறினால் முந்நூறும் பொய்.

"சரி, நானே எழுதிக்கிறேன்" என்றான் அவன். கணினியைத் திருப்பி வைத்து, தட்டுத்தடுமாறி அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தான். போன வாரத்துத் தேதியை அழித்து இன்றைய தேதியை அடித்தான். ஒரு நிமிடம் பார்த்தான். பொத்தானை அழுத்தினான்.

"சரியா இருக்கா?"

தபாலக்கா எட்டிப் பார்த்தாள். மேலே இன்றைய தேதி. கீழே, 'ஆற்றுப் பாலம் பழுது, மூன்று நாள் போக்குவரத்து நிறுத்தம்.' பாலம் திறந்து நாலு நாளாகிறது. தானே போட்ட விதி, டயர் கடை மாடியில் கையை ஆட்டி ஆட்டி விளக்கிய விதி, அவனுக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

"தேதி சரியா இருக்கு சார்" என்றாள்.

"வேற ஏதாவது?"

"எதைப் பத்தியும் பேசக் கூடாதுன்னு உத்தரவாச்சே."

அவன் பெருமூச்சு விட்டான். அவள் தன் இடத்துக்கு வந்து, தண்ணீர் குடித்து, மற்றக் கடிதங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய் காலை பெரியவரின் கடிதம் வந்திருந்தது. 'அன்புடையீர், இந்த வாரத் தேதிக்குக் கீழே போன வாரத்துச் செய்தி இடம்பெற்றுள்ளது. அந்தப் பாலத்தின் மீது நேற்று நானே நடந்து போனேன். கவனக்குறைவு எனில் திருத்தவும். வேறு காரணம் எனில் தெரிவிக்கவும்.' தபாலக்கா அதைப் படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் எழுதிப் போட்டால் பொய். வேறு எதை எழுதினாலும் சிறை. பதினொரு மணி வரை பார்த்தாள். நாலு வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் பதில் போடவில்லை.

முப்பது வருடம் அடுத்தவர் எழுத்தில் இல்லாததைத் தேடியே காலம் தள்ளியவர் அவர். பன்னிரண்டு மணிக்கு முச்சந்தியிலேயே இரண்டு வாரத்துப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் போட்டார். 'பாலம் மறுபடியும் பழுதா? கேட்டேன். எப்போதும் பதில் எழுதுகிறவர்கள் எழுதவில்லை. இந்தப் பக்கம் எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லவும்.'

சொன்னார்கள். பதினொன்று இருநூறாகி, சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. காய்கறிக் கடையில், பேருந்தில், பள்ளிக்கூட வாசலில் ஒருவரையொருவர் பார்த்து, "பாலம் மறுபடியும் பழுதாமே" என்று சிரித்துக்கொண்டார்கள். யாரைப் பிடிக்க உத்தரவு என்பது யாருக்கும் தெரியாது. முச்சந்தியில் எதையாவது எழுதிய அத்தனை பேரும் தங்கள் தலைதானோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலாளி ஓடிவந்தபோது தபாலக்கா கடிதம் ஒன்றில் முத்திரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"எதைச் சொல்றது? பொய்யைத் திருத்தமா எழுதுங்கன்னா?"

அவன் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "அந்தக் கீழ்வரி எதுக்குன்னே எனக்கு மறந்துபோச்சுக்கா" என்றான். குரல் இறங்கியிருந்தது. அவள் அடுத்த கடிதத்தைப் பிரித்தாள்.

ஆயிரக்கணக்கான பேர் கணக்கை அழித்தார்கள். கரண்டி மட்டும் அழிக்கவில்லை. புதன் காலை வழக்கம்போல் ஒரு படம். முளைவிட்ட உருளைக்கிழங்கு, பக்கத்தில் வளைந்த கரண்டி. தபாலக்கா அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். சமையல்கட்டில் பொழுதெல்லாம் நிற்கிற ஆள், படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்னவோ, ஊர் பேசுவது காதில் விழுந்ததோ இல்லையோ. ஒரே ஒரு சொல் அனுப்பினால் போதும். அனுப்ப வழியில்லை.

அன்று பிற்பகல் அதிகாரி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் இனிமை கொஞ்சம் குறைந்திருந்தது. யாரும் கணக்கை அழிக்க முடியாதபடி உடனே நிறுத்தச் சொன்னார். முதலாளி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு பூட்டைக் கூப்பிட்டான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

பூட்டு தபாலக்காவைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். "மூணு வாரம்."

ஆறு வருடத்தில் அவன் மூன்று வாரம் என்று சொன்ன எதுவும் ஒரு நாளைத் தாண்டியதில்லை. அது முதலாளிக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியும் என்பது பூட்டுக்கும் தெரியும். முதலாளி அவனையே பார்த்தான். முகத்தில் பழைய தம்பி ஒரு நொடி எட்டிப் பார்த்தான் என்று தபாலக்கா பிற்பாடு சத்தியம் செய்வாள்.

கையை எடுத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னான். "மூணு வாரம் ஆகுமாம் சார். எங்க ஆளு பொய் சொல்ல மாட்டான்."

வியாழன் காலை, அவள் செருப்பு மாட்டும்போது கணவர் திங்கட்கிழமைக் கத்தரிக்கோலோடு வந்தார். அன்றைய பேப்பரிலிருந்து ஒரு துண்டு.

"இன்னைக்குத் திங்கக்கிழமை இல்லைன்னு தெரியும். சும்மா வச்சுக்கோ." அவள் அதைப் படித்துவிட்டு, ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

பதினொன்றே காலுக்குக் கரண்டியின் பக்கத்தில் புதிய பதிவு வந்தது. அரிசி இல்லை, பருப்பு இல்லை. விடுதிக் கிடங்கின் பதிவேடு, முழுசாக, நாற்பத்திரண்டு பக்கம். எந்த மூட்டை எங்கிருந்து வந்தது, எவர் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார் என்பது வரை. கடைசிப் படத்தில் சுத்தமாகத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த வளைந்த கரண்டி. அடியில் எழுதியிருந்தார்: 'பாலம் மறுபடியும் பழுதாமே. பரவாயில்லை, நான் நடந்தே போய்க்கொள்கிறேன். இதையெல்லாம் படம் எடுக்க மூன்று நாள் தேவைப்பட்டது. கரண்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.'

தபாலக்கா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். தெரிந்துகொண்டேதான் நின்றிருக்கிறார். பயந்து ஓடாமல், கிடைத்த மூன்று நாளையும் வீணாக்காமல், சாவகாசமாகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் மேசைமேல் குனிந்து அழுதாள், அலுவலகம் பார்க்கிறதே என்றெல்லாம் யோசிக்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குக் கணக்கு அழிந்தது. படங்கள் அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டன.

பன்னிரண்டு அடிக்க அதிகாரி கூட்ட அறைக்குள் வந்து உட்கார்ந்தார். பூட்டு ஒரே ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தான். பயனர் பெயர்: கரண்டி. தொலைபேசி எண்: இல்லை. இருப்பிடம்: இல்லை.

"என்ன இது?"

"கைவசம் உள்ளபடின்னு கேட்டிருந்தீங்க" என்றான் முதலாளி. "உள்ளது இதுதான்."

அதிகாரி தாளை நகர்த்திவிட்டுத் தபாலக்காவின் பக்கம் திரும்பினார். "யார் மூலமா வெளிய போச்சுன்னு எங்களுக்குத் தெரியும்மா."

"எனக்கும் சொல்லுங்க சார், தெரிஞ்சுக்கிறேன். நான் யார்கிட்டயும் பேசல. யாருக்கும் எழுதல. என் கடிதம் மொத்தமும் இந்தப் பெட்டியில இருக்கு, எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

"அதைத்தான் சொல்றேன். திங்கக்கிழமை நீங்க எழுதல."

"ஆமா."

"வேணும்னேதான் எழுதல."

"வேணும்னேதான் எழுதல. அடுத்த திங்களும் எழுத மாட்டேன். அதுக்கடுத்த திங்களும்."

அதிகாரி தோல்பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார். "இப்ப சொன்னதை எழுதிக்கிறேன். கையெழுத்துப் போடுவீங்களா?"

"தாராளமா. தேதி போட்டு எழுதுங்க" என்றாள் தபாலக்கா. பையிலிருந்து கணவர் கொடுத்த துண்டை எடுத்து, மடிப்பை நீவி, அவர் முன்னால் வைத்தாள். "தேதிக்குக் கீழ இதையும் ஒட்டிக்குங்க. இல்லேன்னா இன்னைக்குத்தான் எழுதினீங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க."

அதிகாரி குனிந்து படித்தார். 'மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய குரங்கு இன்னும் சிக்கவில்லை. ஊழியர்கள் திணறல்.'